ஒரு வெள்ளியின் வரலாறு

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய 1929ஆம் ஆண்டிலேயே, சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் இராஃபிள்ஸ் கல்லூரிக் கட்டடமும் திறக்கப்பெற்றது. கொழுந்து கிள்ளிய கைகளுக்கும் அக்கல்விக்கூடத்துக்கும் அன்று தொடர்பேதும் இல்லை. 1949இல் அக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. அங்கு அமையவிருந்த இந்தியவியல் துறையில் முதன்மை பெறுவது வடமொழியா, தமிழா என்னும் வினா எழுந்தது. தமிழுக்காக வாதாடிய ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என நிதி தொடங்கி, ஆளுக்கொரு வெள்ளி வேண்டினார். தோட்டத் தொழிலாளரும் ஈந்தனர். 1956இல் தோன்றிய துறையில் தமிழே இடம்பெற்றது. திரண்ட பொருள் நூலகத்தில் நூல்களாயிற்று. பின்னர்த் துறை கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது.

பழைய கட்டடம் 2009இல் சிங்கப்பூரின் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அதனை வரைந்த கலைஞரைப் போற்றுதல் முறையே. ஆயினும் அவரோடு நிறுத்துவது அரைகுறை வரலாறாகும். சுவர் எழுப்பியவர் பெயர் நிற்க, நூல் வாங்கித் தந்தவர் நினைவு மறைதல் தகுமோ? கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளி மாணவரும் இவ்வொரு வெள்ளியின் கதையை அறிதல் வேண்டும். பல்கலைக்கழகம் தமக்கு எட்டாத இடம் என்னும் எண்ணம் அவர்க்கு அப்போது எழாது.