பஞ்சத்தில் நன்றி: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகளை முன்வைத்து

‘நன்றி’ என்னும் சொல் இன்று ஒரு மனவுணர்வைச் சுட்டுகிறது. திருக்குறளின் பதினொன்றாம் அதிகாரத் தலைப்பில் அது செய்யப்பட்ட நன்மையைச் சுட்டுகிறது. அந்நன்மையைப் பெற்றவன் ஆற்ற வேண்டியதோ ‘அறிதல்’. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், துன்ப நாளில் இறைவனுக்கு நன்றி கூறுதல் என்பது மகிழ்ச்சியை வருவித்துக்கொள்வதன்று, முன்பு அறிந்த நன்மையை இப்போதும் மறவாதிருப்பது என்றாகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) பஞ்சக் கீர்த்தனைகளை வாசிக்க இவ்வரையறை துணைசெய்யும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது அவர் முன்சீப் பணியிலிருந்து விலகி மாயூரத்தில் வாழ்ந்தார். ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ 1878இல் வெளிவந்தது. அதில் இறைவனைத் துதிக்கும் பாடல்களும் பஞ்சத்தைத் தீர்க்குமாறு அவனிடம் முறையிடும் பாடல்களும் உள்ளன. (‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியராக மட்டுமே அவரை அறிமுகம் செய்யும் நம் வகுப்பறைகளில் இந்நூலுக்கு இடம் கிடைப்பது அரிது, அதனைக் கச்சேரி மேடைக்கென்று விட்டுவிட்டோம்.) முறையீடுகளைச் சமூக ஆவணமாகவும் துதிகளைப் பக்தியாகவும் பிரித்துக்கொள்வது எளிது. அவ்வாறு பிரித்தால் இரண்டுமே மெலிந்துபோகின்றன. முன்பு கொடுத்தவன் என்று அறியப்பட்டவனிடமே ‘இப்போது ஏன் கொடுக்கவில்லை’ என்று கேட்க இயலும். ஆகவே முறையீட்டின் அடியில் நன்றியறிதல் முன்னரே நிற்கிறது.

விவிலிய மரபிலும் இவ்விரண்டும் பிரிந்து நிற்பதில்லை. ஆபகூக்கு, எத்தனைக் காலம் கூப்பிடுவது என்ற புகாரோடு தொடங்கும் நூல். அதன் இறுதியில் அத்தி துளிர்க்காமலும் வயல் விளையாமலும் தொழுவம் வெறுமையாகவும் போன நிலையிலேயே தீர்க்கதரிசி இறைவனில் மகிழ்கிறார். ஆறே வசனங்களைக் கொண்ட 13ஆம் சங்கீதமும் கேள்வியில் தொடங்கி வேண்டுதல் வழியாகப் பாட்டில் முடிகிறது. 88ஆம் சங்கீதம் மட்டும் இருளிலேயே நின்றுவிடுகிறது.

கீர்த்தனையின் வடிவம் இவ்விருவகையிலும் அடங்காது. சங்கீதம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்கிறது. கீர்த்தனை ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவிக்கே திரும்புகிறது. சரணங்கள் எவ்வளவு விரிந்தாலும் பாடுபவர் மீண்டும் தொடங்கிய வேண்டுதலிலேயே வந்து நிற்கிறார். துன்பத்திலிருந்து துதிக்கு ஏறிச்செல்லும் வழியை இவ்வடிவம் எளிதில் தருவதில்லை. மூன்று ஆண்டுகள் நீண்ட பஞ்சத்திற்கு இதுவே நேர்மையான வடிவம் எனக் கருதுகிறேன். மழை வருமுன் மழைக்கு நன்றி கூறும் அவசரம் அதில் இல்லை. பல்லவி தரும் உறுதி ஒன்றே: கேட்கப்படுபவன் மாறவில்லை.

இங்குக் கருதத்தக்க மற்றொன்று, கத்தோலிக்கரான அவர் இந்நூலில் சமயச் சார்பற்ற பெயர்களாலேயே இறைவனை விளித்திருப்பது. இதனைக் கிறித்தவத்தின் தளர்வாகக் கொள்வோர் அக்காலச் சூழலையும் நோக்க வேண்டும். பஞ்ச ஆண்டுகளிலும் அவற்றை அடுத்தும் திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் சீர்திருத்தச் சபைகளில் சேர்ந்தனர். சோற்றுக்காக மதம் மாறினர் என்ற ஏளனம் அவர்களைத் தொடர்ந்தது. பசித்தவனுக்குத் தன் நன்றியைக் காட்ட வேறு என்ன வழி இருந்தது என்று ஏளனம் செய்தோர் கேட்கவில்லை. உணவிட்டவரின் இறைவனை நாடுவதும் ஒருவகை அறிதலே. ஆனால் உணவிட்டவர் அந்நாட்டத்தைக் கைம்மாறாக எதிர்பார்த்தால் நன்றி கடன் பத்திரமாகிவிடும். எச்சமயத்தாரும் பாடத்தக்க விளிகளை வேதநாயகம் பிள்ளை தேர்ந்ததன் விளைவு, அவருடைய பாடல் எவரிடமும் அக்கடனைக் கேட்கவில்லை என்பது. அவர் நோக்கம் அதுவே என்று நிறுவ நூலிற்குள் சான்று தேட வேண்டியதில்லை, விளைவே போதும்.

பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு அவர் பலருக்கு உணவளித்ததும், அதனைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ‘நீயே புருஷ மேரு’ என்னும் கீர்த்தனையை இயற்றியதும் வரலாற்றில் வழங்கும் செய்திகள். குறளில் செய்ந்நன்றியறிதலைப் போலவே ஒப்புரவும் ‘அறிதல்’ என்றே தலைப்பிடப்பட்டிருப்பதை இதனோடு இணைத்து நோக்கலாம். இறைவனிடம் பெற்றதை அவனுக்கே திருப்பித் தர இயலாது. அது அயலானிடம் செல்கிறது.

எனினும் ஒரு தடை எஞ்சுகிறது. இப்பாடல்களைப் பாடியவர் பட்டினி கிடந்தவர் அல்லர். பஞ்சத்தை அருகிருந்து கண்டவர், கண்டதைத் தாங்காதவர், கொடுத்தவர். ஆயினும் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர் அல்லர். வரிசையில் நின்றவர்களின் நன்றியோ, நன்றி கூற மறுத்த அவர்களின் சினமோ இக்கீர்த்தனைகளில் அவர்தம் குரலாக ஒலிக்கவில்லை. அதனைத் தேட நாட்டார் பஞ்சக் கும்மிகளுக்கும் சிந்துகளுக்கும் செல்ல வேண்டும். அங்கு இறைவன் விளிக்கப்படும் முறை மிகவும் கடுமையானதாக இருக்கக்கூடும்.