செல்வாக்கு வரைபடமும் மீரியபெத்தையும்

ஒரு திட்டத்தில் எவரெவர் தொடர்புற்றுள்ளனர், எவர் சொல் எடுபடும் என்பதைச் சம்பந்தப்பட்டோரே தாளில் வரைந்து, செல்வாக்கிற்கேற்பக் காய்களைக் கோபுரமாக அடுக்கும் முறையை ஈவா ஷிஃபர் கானாவின் நீர் நிருவாக ஆய்வில் உருவாக்கினார். பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் அது எதனைக் காட்டியிருக்கும்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் மண்சரிவு அபாயத்தை எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29இல் லயங்கள் புதையுண்டன. எச்சரிக்கைக் கோடு படத்தில் தெளிவாகவே விழும்; குடியிருப்பை மாற்றும் அதிகாரக் கோடோ அரசுக்கும் குத்தகைக் கம்பனிக்கும் இடையே நின்றுவிடும்.

முறையின் குறை வேறிடத்தில் உள்ளது. துரையும் தலைவரும் அருகிருக்க, தன் பெயரில் ஒற்றைக் காயை வைத்து, தம் சொல் எடுபடவில்லை என்றுரைக்கக் கொழுந்து பறிப்பவள் துணிவாளா? ஆதலின் லயத்து மக்கள் தனித்து வரையும் படமே முதலில் வேண்டப்படுவது. துரையின் படத்தைப் பின்னர் அதனருகே வைக்கலாம்.