சூரியனுக்கு யார் கனெக்‌ஷன் கொடுத்தது?

வாலஸ் தார்ன்ஹில், டேவிட் டால்பாட் இருவரும் எழுதி 2007-ல் வந்த ‘தி எலெக்ட்ரிக் யுனிவர்ஸ்’ படு சுவாரஸ்யமான புத்தகம். படங்கள் பிரமாதம். இதைச் சொல்லிவிட்டுத்தான் திட்ட ஆரம்பிக்க வேண்டும்.

அவர்கள் கட்சி இது. சூரியன் தன் வயிற்றில் ஹைட்ரஜனை எரித்து ஒளி தருவதில்லை. காலக்ஸியில் ஓடும் மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்கி எரியும் ஒரு மகா பல்ப். வால் நட்சத்திரம் என்பது அழுக்குப் பனிக்கட்டி அல்ல, மின்பொறி கக்கும் பாறை. செவ்வாயில் 4,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறதே, அது ஆதிகால மின்னல் ஒன்று போட்ட கீறல்.

படிக்கும்போது ‘அட, இருக்குமோ?’ என்று உங்களுக்கும் தோன்றும். காரணம், ஆரம்பப் பாடம் நிஜம். விண்வெளியில் ஒளிர்கிற சமாசாரங்களில் பெரும்பகுதி பிளாஸ்மாதான், அதாவது எலெக்ட்ரான் பிய்ந்துபோன வாயு. டியூப்லைட்டுக்குள் இருப்பதும் அதுவே. அதில் கரண்ட் ஓடும். பூமியின் காந்த மத்தியரேகையை ஒட்டி, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகலெல்லாம் ஓடுகிறது. நம் பக்கத்தில் திருநெல்வேலி, திருவனந்தபுரம் வட்டாரத்துக்கு மேலே. தும்பாவில் 1963-ல் ராக்கெட் விட ஆரம்பித்ததற்கு அந்தக் காந்த ரேகைதான் முக்கிய காரணம். (மீட்டர் மாட்டத்தான் இன்னும் வழியில்லை.)

இந்தப் பேச்சுக்கெல்லாம் மூல புருஷர் நார்வேக்காரர் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட். அற்புதமான மனிதர். துருவப் பிரதேசத்து வானில் பச்சையும் சிவப்புமாக நெளியும் ஒளி, சூரியனிலிருந்து வரும் துகள்களின் வேலை என்றார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. வெற்றிடப் பெட்டிக்குள் ஒரு காந்த உருண்டையை வைத்து, அதன் மேல் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி, குட்டி துருவ ஒளியையே வரவழைத்துக் காட்டினார். நார்வேயின் வடகோடியில் மலை உச்சியில் ஆய்வுக்கூடம் கட்டிக் குளிர்காலத்தைக் கழித்தார். சகா ஒருவரைப் பனிச்சரிவில் பறிகொடுத்தார். பிரிட்டிஷ் பெரிய தலைகள் உதட்டைப் பிதுக்கின. வெற்றிடத்தில் ஏதய்யா கரண்ட்? 1917-ல் டோக்கியோவில் ஒரு ஹோட்டல் அறையில், தூக்க மருந்து அதிகமாகி இறந்துபோனார்.

அவர் கட்சியை ஸ்வீடனின் ஹான்ஸ் ஆல்வேன் விடாமல் பேசினார். 1960-களில் சாட்டிலைட்டுகள் மேலே போய் அளந்ததில், கரண்ட் இருந்தது. ஆல்வேனுக்கு 1970-ல் நோபல். பிர்க்லாண்டுக்குப் பின்னாளில் 200 குரோனர் நோட்டில் படம்.

மின்சாரப் பிரபஞ்சக்காரர்கள் இந்தச் சோகத்தைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்கள். அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், அவர் சொன்னது சரியாயிற்று; எங்களைப் பார்த்தும் சிரிக்கிறார்கள், ஆகவே... இந்த ‘ஆகவே’யில்தான் வில்லங்கம். சிரித்ததாலா பிர்க்லாண்ட் ஜெயித்தார்? எங்கே, எந்தத் திசையில் ஓடும் என்று எழுதி வைத்தார். போய்ப் பார்த்தார்கள், ஓடியது.

அதே பரீட்சையை மகா பல்புக்கும் வைப்போம். சூரியனுக்குள் அணுக்கள் இணைந்தால் நியூட்ரினோ என்ற பூதத் துகள் கிளம்ப வேண்டும். கணக்குப்படி உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல். ரே டேவிஸ் அமெரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றின் அடியில் தொட்டி வைத்துப் பார்த்ததில் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு! எழுபதுகளில் ‘சூரியன் உள்ளே எரிகிறதா?’ என்று கேட்டவரை நான் கேலி செய்ய மாட்டேன். நியாயமான கேள்வி. ஆனால் 2001, 2002-ல் கனடாவின் சட்பரி ஆய்வகம் மர்மத்தை உடைத்தது. நியூட்ரினோக்கள் வழியில் வேஷம் மாறுகின்றன. எல்லா வேஷங்களையும் எண்ணினால் கணக்கு நேர். 2014-ல் இத்தாலியின் போரெக்ஸினோ, மையத்தின் முதல்படி இணைவிலிருந்து வரும் நியூட்ரினோக்களையே பிடித்துவிட்டது. அதில் கணக்கிட்ட சக்தியும் நமக்கு வரும் வெயிலும் ஒத்துப்போகின்றன. இதற்கு மேல் வெளியிலிருந்து கனெக்‌ஷன் எதற்கு? புத்தகம் வந்த 2007-ல் சட்பரி பழைய செய்தி.

வால் நட்சத்திரம்? 2014-ல் ரொஸெட்டா விண்கலம் ஒன்றின் பக்கத்திலேயே போய் எடை போட்டது. அடர்த்தி தண்ணீரில் பாதிதான். எந்த ஊரில் பாறை மிதக்கும்?

பிர்க்லாண்டைப் படிக்க வேண்டுமானால், லூசி ஜேகோ 2001-ல் எழுதிய ‘தி நார்தர்ன் லைட்ஸ்’ வாங்குங்கள். மனிதர் மின்சார பீரங்கி ஒன்று செய்து, 1903-ல் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூட்டிவைத்துச் சுட்டுக் காட்டப்போக, ஷார்ட் சர்க்யூட் ஆகிப் பெரிய தீப்பிழம்பு! பீரங்கி வியாபாரம் அத்தோடு காலி. ஆனால் அந்தப் பிழம்பை வைத்துக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரம் பண்ணலாம் என்று சாம் ஐடு என்ற இன்ஜினீயரோடு சேர்ந்து இறங்கினார். 1905-ல் பிறந்த நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி அதில் வந்ததுதான்.