தேடிய குழந்தையும் தேடாத குழந்தையும்

காணாமற்போன குழந்தை என்றதும் கல்நெஞ்சமும் கரையும். தாயின் கதறல், தந்தையின் தவிப்பு, ஊரே திரண்டு காடெங்கும் அலையும் அவலம் ஆகியவற்றைக் காட்டும் கலைஞன் நம் கண்ணீரை எளிதில் பெற்றுவிடுகிறான். கண்ணீர் வந்துவிட்டால் கேள்வி கேட்கக் கூடாதா? கேட்டே ஆக வேண்டும். வெள்ளையர் குடியேறி ஆண்ட ஆஸ்திரேலியாவின் கலைப் படைப்புகளை மதிப்பிடும்போது அந்தக் கடமை இன்னும் பெரிது.

ஃபிரடெரிக் மெக்கப்பின் 1886-இல் தீட்டிய 'லாஸ்ட்' என்னும் ஓவியம் மெல்போர்ன் நகரின் கலைக்கூடத்தில் உள்ளது. மெலிந்த மரங்கள், உயர்ந்த புல், நடுவே வழிதவறி அழுது நிற்கும் வெள்ளைச் சிறுமி. திறமையில் குறை சொல்ல முடியாது. ஆயினும் அந்தக் காட்டைப் பாருங்கள்! மனிதனின் காலடியே படாத இடம்போலத் தோன்றுகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் அங்கே வாழ்ந்த மக்களுக்கு அது வீடு. நீர் எங்கே, கிழங்கு எங்கே, ஒதுங்க இடம் எங்கே என்பதை அவர்கள் அறிவர். அவர்களை விரட்டிவிட்ட பின், காடுதான் கொடியது என்று காட்டுவது எந்த வகை நேர்மை?

ஜோன் லிண்ட்சேயின் 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' நாவல் 1967-இல் வந்தது. 1975-இல் பீட்டர் வியர் அதைப் படமாக்கினார். 1900 பிப்ரவரி 14 அன்று பாறை மலைக்கு உலாப்போன பள்ளி மாணவியர் மூவரும் ஓர் ஆசிரியையும் மறைந்துவிடுகின்றனர். பின்னர் ஒருத்தி மட்டும் உயிரோடு கிடைக்கிறாள். என்ன நடந்தது? நாவல் விடை தரவில்லை. கற்பனைக் கதையை உண்மை நிகழ்ச்சி என்றே நம்பியோர் பலர். மர்மம் என்ற சொல் மனத்தை அவ்வளவு மயக்கிவிட்டது. ஆனால் அந்த மலையைச் சூழ வாழ்ந்த வுருண்ட்ஜெரி, ஜா ஜா வுருங், டவுங்குருங் மக்கள் தம் மண்ணிலிருந்து அகற்றப்பட்டதில் மர்மம் ஏதுமில்லை. அது வரலாறு, காரணம் உண்டு, காரணமானோரும் உண்டு. விடையில்லாக் கேள்விக்கு ஏங்குவது எளிது. விடையுள்ள கேள்வியைக் கேட்பதற்குத்தான் துணிவு வேண்டும்.

உண்மை நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். 1864 ஆகஸ்டில் விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் மூன்று வெள்ளைக் குழந்தைகள் காட்டில் வழி தவறினர். வெள்ளையர் நாள்கணக்கில் தேடியும் பயனில்லை. இறுதியில் பழங்குடியினரை அழைத்தனர். ஒடிந்த கிளையையும் நசுங்கிய புல்லையும் எழுத்துப்போல் படித்து, ஒன்பதாம் நாள் மூவரையும் உயிரோடு மீட்டனர் அவர்கள். அவர்களுள் ஒருவரான டிக்-எ-டிக் 1868-இல் இங்கிலாந்து சென்ற பழங்குடிக் கிரிக்கெட் அணியிலும் ஆடியவர். தன் ஆடையால் தம்பியைப் போர்த்திக் காத்த சிறுமி ஜேனின் புகழ் பள்ளிப் பிள்ளைகளின் பாடம்வரை சென்றது. அவளைப் போற்றியது சரியே. ஆனால், அவளைக் கண்டெடுத்தவர்களின் அறிவுக்கு அதே அளவு மதிப்புக் கிடைத்ததா?

இந்தக் கேள்வியைத் துணிந்து கேட்ட படம், 2001-இல் வந்த 'ஒன் நைட் த மூன்'. இயக்கியவர் ரேச்சல் பெர்கின்ஸ், பழங்குடிப் பெண்மணி. 1932-இல் நடந்த நிகழ்ச்சியைத் தழுவிய கதை. நிலவைத் தொடர்ந்து வெளியேறிய சிறுமியைத் தேட, காவல்துறையில் சுவடு காணும் பழங்குடியாளர் வருகிறார். கறுப்பர் என் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்கிறான் தந்தை. சுவடு படிக்கத் தெரியாதவர்கள் தேடுகிறார்கள்; தெரிந்தவர் திருப்பி அனுப்பப்படுகிறார். குழந்தை எலும்பாகத்தான் கிடைக்கிறது.

இங்கே குழந்தையைக் கொன்றது காடு அன்று, நிறவெறி. ஒரு மணி நேரத்திற்கும் குறைவான இப்படம், மெக்கப்பினும் லிண்ட்சேயும் காட்டாத காரணத்தைக் காட்டிவிடுகிறது. குறையும் உண்டு. தந்தை தன்னை மாய்த்துக்கொள்வதோடு பழி தீர்ந்ததுபோல் தோன்றுகிறது. அந்த ஆணவத்துக்கு அரண் செய்த சட்டம் அவனோடு சாகவில்லையே!

அந்தச் சட்டம் செய்தது என்ன? மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905-ஆம் ஆண்டுச் சட்டம், பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பதினாறு வயதுவரை அரசின் தலைமைப் 'பாதுகாவலரையே' காப்பாளர் ஆக்கியது. பெற்ற தாய்க்கு உரிமையில்லை! 1910 முதல் 1970 வரை, மூவரில் ஒருவர் முதல் பதின்மரில் ஒருவர் வரையிலான பழங்குடிப் பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர் என்றது 1997-இல் வந்த அரசு விசாரணை அறிக்கை. அப்பிள்ளைகளுக்காக ஊர் திரளவில்லை.

அரசு தேடியதும் உண்டு. 1931-இல் மூர் ரிவர் குடியிருப்பிலிருந்து மூன்று சிறுமியர் தப்பி, முயல் தடுப்பு வேலியை வழிகாட்டியாகக் கொண்டு ஜிகலாங் நோக்கி நடந்தனர். நெடுந்தொலைவு கடந்து இருவர் வீடு சேர்ந்தனர். ஒருத்தி வழியில் பிடிபட்டாள். காவலர் அவர்களைத் தேடியது தாயிடம் சேர்க்க அன்று, தாயிடமிருந்து மீண்டும் பிரிக்க! அவர்களுள் ஒருவரின் மகள் டோரிஸ் பில்கிங்டன் 1996-இல் இதை நூலாக்கினார். 2002-இல் அது திரைப்படமும் ஆயிற்று. 2008 பிப்ரவரி 13 அன்று அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

தோழர்களே, அழவைக்கும் படைப்புகளை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. மெக்கப்பினின் சிறுமிக்காகவும் மனம் கசியட்டும். ஆனால் படைப்பாளி யாருடைய குழந்தையை நடுவில் நிறுத்தினான், யாரைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளினான் என்று பார்க்காமல் மதிப்பீட்டை முடித்துவிடாதீர்கள்.