புலம்பு என்னும் தனிமை: முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும்

'புலம்பல்' என்றால் இன்று நாம் வாய்விட்டு அரற்றுவதையே கருதுகிறோம். ஆனால் தொல்காப்பியர் உரியியலிற் புலம்பு என்னும் சொல்லுக்குத் தனிமை என்றே பொருள் கூறினார். ஒரு நிலையைக் குறித்த சொல் பிற்காலத்தில் அந்நிலையில் எழும் குரலைக் குறிப்பதாயிற்று. இம்மாற்றம் தற்செயலானதன்று எனத் தோன்றுகிறது. தனித்திருப்பவரின் பேச்சு கேட்பாரற்ற பேச்சாகிவிடுவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். பத்துப்பாட்டில் நப்பூதனாரின் முல்லைப்பாட்டும் நக்கீரரின் நெடுநல்வாடையும் கணவன் போர்மேற் சென்றிருக்கத் தனித்திருக்கும் அரசியைக் காட்டுவன. இரண்டிலும் அவளது நிலையைச் சுட்டப் 'புலம்பு' என்னும் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது.

முல்லைப்பாட்டைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கருத்து யாவரும் அறிந்ததே. முல்லைத்திணைக்கு உரிப்பொருள் இருத்தல். ஆகவே தலைவி கணவன் சொற்பிழையாது ஆற்றியிருந்தாள். அதுவே பாட்டின் பயன் என்பர். நச்சினார்க்கினியர் இக்கருத்துக்கு இயையப் பாட்டின் அடிகளை மாட்டு என்னும் உறுப்பின்வழி இடம்பெயர்த்துப் பொருள் கொண்டார். 103 அடிகளே கொண்ட பாட்டு அதனாற் பெரிதும் சிதைவுற்றது என்பது மறைமலையடிகள் முதலானோர் எழுப்பிய மறுப்பு. அடிகளை இருந்தவாறே வைத்துப் படித்தால் ஆற்றியிருந்த பெண் ஒருத்தியை நாம் காண்கிறோமா என்பதே என் வினா.

மாலையில் மழை பெய்கிறது. முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நெல்லும் முல்லைமலரும் தூவிக் கைதொழுது விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அங்கே ஓர் ஆய்மகள், கயிற்றிற் கட்டுண்டு தாயைத் தேடி அலமரும் கன்றை நோக்கி, உன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என்கிறாள். அச்சொல்லை நன்னிமித்தமாகக் கொண்டு வந்து அரசியிடம் கூறுகின்றனர் பெண்டிர். அவளோ தேறவில்லை. அவர்கள் எடுத்துக்காட்டக் காட்டவும் காணாதவளாய்க் கண்ணீர் பெருக்குகிறாள்.

இக்காட்சியை விரிச்சி என்னும் வழக்குக்குச் சான்றாக மட்டும் குறித்துவிட்டு அப்பாற் செல்வது நமது ஆய்வாளர் வழக்கம். அதன் நுட்பம் வேறிடத்தில் உள்ளது. அந்த ஆய்மகள் குளிரால் நடுங்கும் தோள்களைத் தன் கைகளாற் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்பதைப் புலவர் மறவாமற் கூறுகிறார். கன்று நனையும் அதே குளிரில் அவளும் நிற்கிறாள். கன்றுக்கு அவள் மொழி விளங்கியிராது. அருகில் நின்றமை விளங்கியிருக்கும். முதுபெண்டிர் அவளது சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அச்சொல்லுக்கு உயிர்தந்த அந்த நிலையை ஊர்ப்புறத்திலேயே விட்டுவிட்டு வந்தனர். மாடத்துக்கு வந்து சேர்ந்தது வெறும் செய்தி. கடல் கடந்து பிள்ளைகள் சென்றுவிட்ட நமது வீடுகளிலே, 'அடுத்த வருஷம் வருவினம்' என்று முதியோரைத் தேற்றுவோர் எத்தனை பேர்! சொல்வோரின் அன்பில் ஐயமில்லை. கேட்போர் முகம் மாறாததற்குக் காரணம் நப்பூதனாரிடம் உண்டு.

ஆற்றியிருத்தல் என்னும் கொள்கைக்கு எதிராகப் பாட்டே தரும் சான்று ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். அரசியின் புலம்புக்குப் புலவர் கொடுக்கும் அடை, நிறை அழிந்தது என்பதாகும். நிறை என்பது உள்ளத்தைத் தன்வழி நிறுத்தும் ஆற்றல். அது அழிந்துவிட்டது என்று புலவர் வெளிப்படையாகக் கூறியபின் உரையாசிரியர் அதனை மீண்டும் நிறுத்திவைக்க முயல்வது ஏன்? அவள் தன்னைத் தானே தேற்றுகிறாள், கழலும் வளையைத் திருத்துகிறாள், மயங்குகிறாள், பெருமூச்செறிகிறாள், அம்பு தைத்த மயில்போல் நடுங்குகிறாள். தேற்றமும் கலக்கமும் மாறிமாறி வரும் இந்நிலையைக் கற்பு என்னும் ஒற்றைப் பெயரால் மூடிவிடுதல் எளிது. மனித அனுபவம் அதன்கீழ் மறைந்துபோகும்.

அரசன் நிலையும் ஆராயத்தக்கது. பாசறையில் அவனும் உறங்கவில்லை. கச்சில் வாள் பூண்ட மகளிர் விளக்கேற்றுகின்றனர். நாழிகைக் கணக்கர் பொழுதறிவிக்கின்றனர். உள்ளறையைக் காப்பவரோ நாவாற் பேசாது உடலசைவாற் கருத்துணர்த்தும் மிலேச்சர். இத்தனை பேர் சூழ்ந்தும் அவனிடம் வாய்திறந்து பேசுவார் இல்லை. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி மறு கையைத் தலையிற் சேர்த்தவனாய்ப் புண்பட்ட யானைகளையும், பட்ட வீரரையும், அம்பு தைத்துச் செவி சாய்த்து உணவொழிந்த குதிரைகளையும் எண்ணுகிறான். அரசியை நினைந்தான் என்று ஒரு சொல்லும் இல்லை. இரு தனிமைகள் ஒன்றையொன்று அறியாதிருக்கின்றன.

188 அடிகள் கொண்ட நெடுநல்வாடையில் இவ்விடைவெளி இன்னும் அகன்றுவிடுகிறது. அரசி கிடக்கும் கட்டில், நாற்பது ஆண்டு நிரம்பிப் போரில் வீழ்ந்த யானையின் கொம்பாற் செய்யப்பட்டது. அவளைத் தனிமைப்படுத்திய போரே அவளுக்குப் படுக்கையாகவும் அமைந்த இந்த முரணை நக்கீரர் விளக்காமல் விட்டுவிடுகிறார். மகளிர் அடி வருடுகின்றனர். நரைகலந்த கூந்தற் செவிலியர் குறுகியனவும் நெடியனவுமாகிய உரைகள் பல கூறித் துணைவர் இப்போதே வருவார் என்கின்றனர். முல்லைப்பாட்டில் நாம் கண்ட அதே தேற்றமொழி, அதே தோல்வி. மேற்கட்டியில் எழுதப்பட்ட, திங்களைப் பிரியாத உரோகிணியைப் பார்த்து நெடிதுயிர்த்து விரலாற் கண்ணீரைத் துடைக்கிறாள் அவள். மனிதரின் பேச்சுக்கு அசையாதவளை ஓர் ஓவியம் அசைத்துவிடுகிறது.

இனிப் பாசறை. நள்ளிரவில் வாடை வீச, விளக்கின் சுடர்கள் தெற்கே சாய, நனைந்த குதிரைகள் உடல் சிலிர்த்து நீரை உதிர்க்க, சேற்றுத் தெருவில் அரசன் நடந்து வருகிறான். வேம்பு சூடிய வேலேந்திய ஒருவன் முன்சென்று புண்பட்ட வீரரை முறையே காட்டுகிறான். வேம்பு பாண்டியனைச் சுட்டுதலாற் பாட்டு புறமாயிற்று என்று நச்சினார்க்கினியர் தொடங்கிவைத்த வாதத்தில் எத்தனையோ பக்கங்கள் செலவாகிவிட்டன. அந்தப் பூவைப் பார்த்தவர்கள் அரசனின் கையைப் பார்க்கவில்லை. நழுவும் மேலாடையை இடப்பக்கம் தழுவியவனாய், வாளேந்திய காளை ஒருவனின் தோள்மேற் கையை வைத்து, முகம் மலர்ந்து நடக்கிறான் அவன். முல்லைப்பாட்டு அரசனின் கை படுக்கையிலும் தன் தலையிலுமே இருந்தது. இங்கே அது மற்றொருவன் தோளை அடைந்திருக்கிறது. ஆய்மகள் கன்றோடு நின்றதுபோல் இவ்வரசன் தன் வீரர் கிடக்கும் குளிரிலேயே நிற்கிறான். அவன் என்ன கூறினான் என்று பாட்டு சொல்லவில்லை. அதனைக் குறையாக யாரும் உணர்வதுமில்லை.

இதனைக் கருணைக் காட்சி என்று வியந்து நின்றுவிடவும் இயலாது. அவ்வீரரைப் புண்படச் செய்த போர் அவனுடையது. அவன் படுக்கையை விட்டு எழுந்து தெருவில் நடக்கலாம். அரசிக்கு அவ்வுரிமை இல்லை. அவளது அரண்மனையை நக்கீரர் எவ்வளவு விரிவாக வருணிக்கிறாரோ அவ்வளவுக்கு அது அவளை அடைத்துவைக்கும் இடமாகவும் ஆகிறது. அடி வருடிய மகளிரின் துணைவரும் அப்பாசறையில் இருந்தனரா என்பதைப் புலவர் எண்ணியதாகத் தெரியவில்லை. அரசவைச் சார்புடைய கவிதையின் எல்லை அது.

முல்லைப்பாட்டு, கூரையிலிருந்து விழும் மழைநீரின் ஒலியைக் கேட்டுக் கிடந்தவளின் செவியில் மீண்டுவரும் படையின் முழக்கம் வந்து நிறைய முடிகிறது. நெடுநல்வாடையில் அவ்வொலி இல்லை. செவிலியர் கூறிய வரவு நிகழாமலே, அரசன் இன்னும் மழையில் நடந்துகொண்டிருக்கப் பாட்டு நின்றுவிடுகிறது. அரசி உரோகிணியைப் பார்த்தபடியே இருக்கிறாள். அடிகளை எவ்வாறு இடம்பெயர்த்தாலும் அவனை அம்மாடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க நக்கீரர் வழி வைக்கவில்லை.