குருதியைக் கண்டோர் கருத்தைக் கண்டனரா?

பச்சைப் புல்வெளி, நீல வானம், கண்ணைப் பறிக்கும் மஞ்சள்! ஓவியமோ என்று மயங்கி நிற்கும் வேளையில், மஞ்சள் பையுடன் இருவர் வருகின்றனர். அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: ஜெசிகா ஹைட் எங்கே? விடை தெரிந்தவனுக்கும் சாவு, தெரியாதவனுக்கும் சாவு!

பிரிட்டனின் ‘சேனல் 4’ தொலைக்காட்சி 2013 சனவரியில் ஒளிபரப்பத் தொடங்கிய ‘யுடோபியா’ என்னும் தொடர்நாடகம் இது. எழுதியவர் டெனிஸ் கெல்லி. 2014-இல் இரண்டாம் பகுதி வந்தது. பன்னாட்டு எம்மி விருதும் வந்தது. மூன்றாம் பகுதி வரவில்லை, நிறுத்திவிட்டனர்.

சித்திரக்கதை ஒன்றின் கையெழுத்துப்படி எளிய மனிதர் சிலரிடம் சிக்குகிறது. அதைத் தேடி ஒரு மறைகுழு துரத்துகிறது. மக்கள்தொகை பெருகி உலகம் பாழாகுமாம்! ஆகவே காய்ச்சல் அச்சத்தை மூட்டி, தடுப்பூசி என்ற பெயரால் மக்களில் மிகப் பெரும்பாலோரை மலடாக்கிவிடுவதாம்! இதுவே அக்குழுவின் திட்டம்.

கண்டோர் பல அணியாகப் பிரிந்தனர். ‘இது கலையா, கசாப்புக் கடையா?’ என்று கொதித்தது ஓர் அணி. கண்ணைத் தோண்டும் சித்திரவதைக் காட்சியைச் சுட்டினர். பள்ளிக்குள் புகுந்து சுடும் காட்சியைச் சுட்டினர். அமெரிக்காவின் நியூட்டவுன் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டது 2012 டிசம்பரில். அடுத்த மாதமே திரையில் இக்காட்சி! நாள்தோறும் வகுப்பறையில் நிற்பவன் நான். இந்த அணியின் பக்கமே என் நெஞ்சு சாய்கிறது. கொலைஞன் கொடியன் என்பதை முன்பே காட்டியாயிற்று. மீண்டும் காட்டக் குழந்தைகளின் குருதி வேண்டியதில்லை.

‘வலியை வலியாகவே காட்டினான், விளையாட்டாக்கவில்லை’ என்றது மற்றோர் அணி. அதிலும் உண்மை உண்டு. அடிபட்டவன் அடுத்த நொடி எழுந்து பாடும் படங்களைவிட இது நேர்மையானது.

மூன்றாவது குரல் ஒன்றும் எழுந்தது: ‘மறைகுழு சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே!’ தோழர்களே, குருதியைவிட என்னை அச்சுறுத்தியது இக்குரல்தான். மக்கள் பெருகினர் என்பது கணக்கு. ஆகவே உன்னைக் கேளாமலே உன் உடலைத் திருத்துவேன் என்பது ஆணவம். கருத்தடை வேண்டும் என்று பெரியார் முழங்கினார், பெண்ணின் விடுதலைக்காக. அவளுக்குத் தெரியாமல் அவளை மலடாக்க அன்று! பெண்கள் படித்த நாடுகளில் சூழ்ச்சியின்றியே பிறப்பு குறைந்ததை உலகம் கண்டிருக்கிறது.

கெல்லி இந்த ஆணவத்தைத் தோலுரித்தார். அது அவர் வெற்றி. ஆனால் அதற்கு அவர் எடுத்த கருவி எது? தடுப்பூசி! 2003-இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து மலடாக்கும் என்ற வதந்தி பரவியது. மருந்து கொடுப்பதையே நிறுத்தினர். மறு ஆண்டுதான் மீண்டும் தொடங்கினர். இடையில் நோய் எல்லை தாண்டி அண்டை நாடுகளுக்கும் சென்றது. அங்கே கால் முடங்கிய குழந்தைகள் நாடகப் பாத்திரங்கள் அல்லர். அந்த வதந்தியையே பத்தாண்டுக்குப் பின் உண்மைபோல் ஆடிக் காட்டியது இத்தொடர். 2020 செப்டம்பரில், உலகம் கொள்ளைநோயில் துடித்து ஊசிக்காக ஏங்கிய வேளையில், அமெரிக்க மறுபடைப்பும் அதே கதையை அமேசானில் விரித்தது!

அப்படியானால் சூழ்ச்சியே உலகில் இல்லையா? உண்டு. அமெரிக்காவின் டஸ்கீகியில் மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை, மருந்து இருந்தும் தராமல், அரசு மருத்துவர்களே வேடிக்கை பார்த்தனர். 1932-இல் தொடங்கிய கொடுமை 1972 வரை நீடித்தது. அதை வெளிக்கொணர்ந்தது எது? ‘எல்லாம் சதி’ என்ற முணுமுணுப்பா? இல்லை. ஆவணத்தைத் தேடி எடுத்து, ஏட்டில் அச்சிட்டு, நாட்டையே கேள்வி கேட்க வைத்த உழைப்பு!

இந்த வேறுபாட்டை இளைஞர்கள் உணர வேண்டும். ஐயுறுவது பகுத்தறிவின் வாயிற்படி. அங்கேயே படுத்துவிடுபவன் வீட்டைக் காண்பதில்லை. எல்லாம் அவன் செயல் என்றான் பழைய பக்தன். எல்லாம் மறைகுழுவின் செயல் என்கிறான் புதிய பக்தன். இருவருமே சான்று கேட்பதில்லை.

நாடகத்தைப் பாருங்கள், தடை கோருவது நம் வழியன்று. பார்த்து முடித்ததும் குருதி மிகுதியா என்பதோடு நின்றுவிடாமல், இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: இதில் நான் நம்பியவற்றுள் எதற்குச் சான்று கண்டேன்?