சட்டியும் கிட்டாரும் ஒரே மேடையில்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஊர்களில் தோல் கருவிகளுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை ஊஞ்சல் உற்சவத்தில் பம்பையும் உடுக்கையும் முழங்கினால் அது சாமியை அழைக்கும் இசை. திரௌபதி அம்மன் கோயில் திடலில் கூத்து நடந்தால் மத்தளக்காரருக்கு ஆர்மோனியத்தோடு சேர்ந்து உட்கார இடம் உண்டு. பறைக்கு? சாவு விழுந்த வீட்டிலிருந்து ஆள் வரும். வாசித்து முடித்தவர்கள் தெருவோரம் நின்று கூலி வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த வரிசையை அறிந்தவர்களுக்குத்தான் 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது முழுதாக உறைக்கும்.

அன்று மாலை ஒரு பள்ளி மைதானத்து மேடையில் 19 பேர் ஒரே மாதிரி சூட் அணிந்து ஏறினார்கள். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, கட்ட மோளம், டோலக், அவற்றோடு கிட்டாரும் டிரம்ஸும். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்று பெயர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய குழு. ‘குரங்கன்’ இசைக்குழுவில் கபேர் வாசுகியோடு இருந்த காலத்திலேயே சென்னையின் சுயாதீன இசை வட்டாரத்தில் டென்மா தெரிந்த முகம். குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒடுக்கப்பட்டோர் தங்களைச் சாதிபேதமற்ற தமிழர் என்று பதிந்துகொள்ள வேண்டும் என 19ஆம் நூற்றாண்டிலேயே வலியுறுத்தியவர் அவர். நூறாண்டுக்கும் மேல் கழிந்து அந்தக் கோரிக்கை ஒரு பாட்டுக் கச்சேரியின் விளம்பரப் பலகையில் ஏறியது.

அரசியல் பேசும் இசைக்குழு என்றதும் இங்கிலாந்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1976இல் பர்மிங்ஹாம் மேடையில் எரிக் கிளாப்டன் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசிய பேச்சுக்குப் பதிலடியாகத்தான் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் அந்த இயக்கம் நடத்திய பெருவிழாவில் வெள்ளை இளைஞர்களின் பங்க் குழுவான ‘தி கிளாஷ்’ஷும் கறுப்பினத்தவரின் ரெகே குழுவான ‘ஸ்டீல் பல்ஸ்’ஸும் ஒரே மேடையில் வாசித்தன. ஆனால் நம் குழுவுக்கு நெருங்கிய உறவு அந்தப் பூங்காவில் இல்லை. லீட்ஸ் நகரில் இருந்தது. அங்கே படித்த மாணவர்கள் தொடங்கிய ‘கேங் ஆஃப் ஃபோர்’தான் அது.

1979இல் வெளிவந்த அவர்களுடைய ‘என்டர்டெயின்மென்ட்!’ ஆல்பத்தைக் கேட்டால் முதலில் கவனத்தில் படுவது, அதில் கிட்டார் ராஜா இல்லை என்பதே. ராக் இசையில் வழக்கமாக எல்லோரும் ஒதுங்கி வழிவிட, கிட்டார்க்காரர் நீளமாக ஒரு ஆலாபனை செய்வார். ஆண்டி கில் அதைச் செய்ய மறுத்தார். வெட்டி வெட்டி வாசித்தார்; சில இடங்களில் சும்மா இருந்தார். டேவ் ஆலனின் பேஸ், ஹியூகோ பர்ன்ஹாமின் டிரம்ஸ், ஜான் கிங்கின் குரல் எல்லாம் சம பங்காளிகள். சமத்துவம் பற்றிப் பாடிய குழு, கருவிகளுக்குள்ளேயே அதைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் பாட்டின் ஒரு சொல்லை மாற்றச் சொன்னபோது பாடாமலே வெளியேறினார்கள். அந்த மேடை அவர்களுடைய விற்பனையை எங்கோ கொண்டுபோயிருக்கும்.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவைப் பற்றி வந்த எழுத்தில் பெரும்பகுதி பாடல் வரிகளைப் பற்றியது. வரிகள் கூர்மையானவைதான். இடஒதுக்கீட்டுக்காக வாதாடும் பாட்டு, மாட்டுக்கறி உணவைப் பெருமையோடு சொல்லும் பாட்டு, வடசென்னையின் வாழ்க்கையைப் பாடும் பாட்டு, அம்பேத்கருக்கான பாட்டு. இருந்தாலும் காது கொடுக்க வேண்டிய முதல் இடம் மிக்ஸிங். எந்தக் கருவி முன்னால் நிற்கிறது, எது பின்னால் போகிறது, யார் தாளத்தை ஆள்கிறார்கள் என்பதில்தான் இந்தக் குழுவின் அரசியல் முழுதாக இருக்கிறது.

தமிழ் சினிமாவில் பறையும் சட்டியும் வராமல் இல்லை. குத்துப் பாட்டில் வரும், எட்டு மாத்திரை அதிரும், பிறகு கீபோர்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விருந்தாளி மரியாதை அது. இங்கே நடப்பது வேறு. சரத்தின் சட்டிதான் காலக்கணக்கு. கையகலக் கருவி, இழுத்துக் கட்டிய தோலில் குச்சி படும்போது வரும் சத்தம் உலர்ந்து, உச்சத்தில், துல்லியமாக இருக்கும். அதற்கு அடியில் கௌதமின் கட்ட மோளம் கனமான கீழ்ச்சத்தத்தைத் தருகிறது. மனு கிருஷ்ணனின் டிரம்ஸ், ஆறு எண்ணிக்கைக்குள் உருளும் அந்தக் கானா நடையைப் பின்தொடர்கிறது. தன் நேர்கோட்டு நாலு எண்ணிக்கைக்கு அதை இழுப்பதில்லை. சாகிப் சிங்கின் கிட்டார் இடைவெளி பார்த்து நுழைந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விலகுகிறது. நந்தனின் பறை வரும்போது எல்லோரும் இடம் விடுகிறார்கள்.

பறையை இப்படி மேடைக்குள் உட்கார வைப்பது எளிதல்ல. வைக்கோல் தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றிய பிறகுதான் அது பேசும். காற்றில் ஈரம் ஏறினால் சுருதி இறங்கும். அடிக்குச்சி நடுத்தோலில் விழும் கனமும் சிம்புக்குச்சி தரும் சிதறலும் தெருவின் திறந்த வெளிக்காக உருவானவை. ஊர்க்கோடிக்குக் கேட்க வேண்டிய கருவியை மைக்கின் முன் வைத்து, பாடகரின் குரலை விழுங்காமலும் பறையின் குணத்தை மழுங்கடிக்காமலும் கலந்தது டென்மாவின் சாதனை. ஒலிப்பொறியாளர்கள் இதைத் தனிப் பாடமாகவே எடுத்துப் படிக்கலாம்.

குரல்களில் இசைவாணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கானா என்பது ஆண்களின் இடமாகவே இருந்தது. இரவெல்லாம் சாவு வீட்டில் உட்கார்ந்து பாடும் மரண கானாவில் பெண் குரலுக்கு வாய்ப்பே குறைவு. ராயபுரத்திலிருந்து வந்த இசைவாணி அந்தக் கரகரப்பையும் துள்ளலையும் தன் குரலுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. கோயில் நுழைவு உரிமையைப் பற்றி 2018இல் அவர் பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’வுக்காக 2024இல் புகார்கள் எழுந்தன. ஆறு வருடத்துப் பழைய பாட்டு ஒன்றுக்கு இன்னும் சுடும் சக்தி இருந்தது.

அரக்கோணத்திலிருந்து வந்த, குழுவின் பாடகர் அறிவு, ராப்பைத் தமிழின் சந்தத்துக்குள் கொண்டுவந்தவர். எதுகையும் மோனையும் அவர் வாயில் பாடப்புத்தக இலக்கணமாக இல்லாமல் மூச்சாகவே வருகின்றன. 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் ‘தெருக்குரல்’, 2021இல் பாடகி தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்று அவர் போன தூரம் எல்லோருக்கும் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அவர் எடுத்த அந்தப் பாட்டு உலகம் சுற்றியது.

இந்தக் குழு வெற்றிடத்திலிருந்து முளைக்கவில்லை. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பேருந்து ஏறினால் எட்டிவிடும் புதுச்சேரியில், பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் பேராசிரியராக இருந்த கே.ஏ. குணசேகரன், ‘தன்னானே’ கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார். கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டு அவர் குரலில்தான் கூட்டங்களைக் கட்டி இழுத்தது. 2016இல் அவர் மறைந்தார். அதற்கு முன்பே, திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, பறையைப் பெண்கள் கையில் கொடுத்திருந்தது.

இந்தக் கலைக்குழுக்கள் இயங்கிய ஆண்டுகளில் தலித் இயக்கங்களுக்குள் ஒரு கடுமையான விவாதம் நடந்தது. பறையைக் கையில் எடுத்தால் இழிவு தொடரும், எரித்துவிடு என்றது ஒரு தரப்பு. அது எங்கள் கலை, தலை நிமிர்ந்து அடிப்போம் என்றது மறு தரப்பு. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது. சாவு மேளத்துக்குப் போகமாட்டோம் என்று மறுத்து அதற்காக அடிபட்டவர்களின் வலியைப் பாட்டு தீர்த்துவிடாது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் அந்த விவாதத்துக்குத் தீர்ப்பு எழுதவில்லை; கட்டாயமும் கூலியும் இல்லாத இடத்தில் அதே பறை எப்படி ஒலிக்கும் என்று கேட்க வைத்தது.

குறையும் உண்டு. மேடையில் 19 பேர் தரும் உடல் அதிர்வு பதிவுகளில் பாதிதான் கிடைக்கிறது. சில பாடல்களில் கருத்து முன்னால் ஓடி, மெட்டு பின்தங்குகிறது. உறுப்பினர்கள் தனித்தனிப் பாதையில் போனபோது குழுவின் கச்சேரிகளும் அருகின. டென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’, ‘நட்சத்திரம் நகர்கிறது’ ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். அறிவு ‘அம்பாசா’ என்ற தன் குழுவோடு மேடையேறினார். இத்தனை திறமைசாலிகளை ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் வைத்திருப்பது எந்த இசைக்குழுவுக்கும் கடினம். கேங் ஆஃப் ஃபோரின் முதல் நால்வர் அணியும் சில வருடங்களிலேயே கலைந்தது.

ஆனால் நீலம் மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழாவில் இந்தக் குழு திறந்துவிட்ட கதவு தெரிகிறது. சபாக்களின் மாதத்திலேயே ஒப்பாரிக்கும் கானாவுக்கும் பறைக்கும் நல்ல ஒலிபெருக்கியோடு மேடை கிடைத்தது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இதில் இன்னும் வர வேண்டிய பங்கு ஒன்று மீதி இருக்கிறது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் ஒலி வடசென்னையின் சந்துகளில் வேர்விட்டது. கானாதான் அதன் முதுகெலும்பு. செஞ்சி, மயிலம், மரக்காணம் பக்கத்துக் கருவிகளின் குணம் வேறு. பம்பையின் இரட்டைக் குரல், கூத்தின் முகவீணை எழுப்பும் அந்தக் கிழிக்கும் சுரம், ஊர்ப் பறையின் அடிவகைகள் எல்லாம் ஒரு நல்ல பேஸ் கிட்டாரோடும், கேட்கத் தெரிந்த ஓர் ஒலிப்பொறியாளரோடும் ஒரே மேடையில் உட்கார்ந்தால் பிறக்கும் இசை, சென்னைக் குழுவின் நகலாக இருக்காது. முகவீணையும் மின்சாரக் கிட்டாரும் ஒரே உயரச் சுரத்தில் மோதும். யார் எப்போது ஒதுங்குவது என்பதை அந்தக் குழு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.